நடால்னா வெறும் உடம்பா?

"ஃபெடரர் கலைஞன், நடால் வெறும் உடம்பு." இன்னும் எத்தனை வருஷம் இதையே சொல்லுவீங்க? சரி, அந்த உடம்பைப் பத்தி ஒரு டாக்டரா பேசுறேன். த்ரெட்.

1/ 2005-லேயே நடாலோட இடது பாதத்துல முல்லர்-வைஸ் நோய்னு கண்டுபிடிச்சாங்க. பாதத்தோட நடுவுல இருக்கிற நவிகுலர் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா சிதையுற நோய். அப்போ வயசு 19. அவரோட 22 கிராண்ட்ஸ்லாம்ல 21 அதுக்கப்புறம் ஜெயிச்சது.

2/ 2022 பிரெஞ்ச் ஓபன்ல நரம்பை மரத்துப்போக வைக்கிற ஊசி போட்டுக்கிட்டு ஆடினார். கால் தரையில எப்படிப் படுதுன்னு மூளைக்குச் சொல்றதே அந்த உணர்வுதான். அது இல்லாம களிமண் தரையில சறுக்கிச் சறுக்கி ஆடணும். ஃபைனல்ல கடைசி செட் 6-0!

3/ ஃபெடரருக்கும் முழங்கால்ல ஆபரேஷன் நடந்தது, மறுக்கல. ஆனா 1,500-க்கு மேல மேட்ச் ஆடியும் ஒண்ணைக்கூட பாதியில விட்டதில்ல. இப்போ சொல்லுங்க, உடம்பு வாய்ச்சது யாருக்கு?

4/ அடுத்து மூளை. ஒத்தைக்கை பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்துல எகிறுற டாப்ஸ்பின், விடாம அதே இடத்துக்கு. 40 மேட்ச்ல 24 நடாலுக்கு. வெறும் பலத்துல இது வருமா?

5/ 2017 ஆஸ்திரேலிய ஓபன் ஃபைனல்ல, பந்து எழும்பும்போதே அடிச்சு ஃபெடரர் அதுக்கு விடை கண்டுபிடிச்சார். அதுக்கு அவருக்கே 35 வயசாச்சு.