பட்டம் கையில், பாஸ் யார் கையில்?

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் பினாங்கு வெளிநாடாகவே தெரியாது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமே தொடங்கிவிட்டது. லிட்டில் இந்தியாவில் நடந்தால் காதில் விழுவது நம்ம பாட்டு. தண்ணீர்மலைக்கு வந்தால் 500க்கும் மேற்பட்ட படிகளுக்கு மேலே முருகன். அங்கிருந்து ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

சங்கடம் இரண்டாவது வாரத்தில் ஆரம்பிக்கும். அதுவும் தமிழிலேயே ஆரம்பிக்கும். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டால், "எனக்குப் பசிக்கவே இல்லையேக்கா" என்று பதில் வரும். "அஞ்சு வெள்ளி" என்றால் கிழமையா உலோகமா என்று ஒரு விநாடி முழிப்பார்கள். காரை நம் பெரியவர்கள் "காடி" என்பார்கள். அவர்கள் ஊரில் காடி என்றால் புளித்தது. நாசி கண்டார் கடையில் "தாப்பாவா?" என்று கேட்கும்போது பின்னால் வரிசை வேறு நிற்கும். நமக்கு இது சிரிப்பு. அந்தப் பிள்ளைக்கு, நம் மொழி பேசும் ஊரிலேயே நாம் அந்நியமா என்ற குறுகுறுப்பு. ஒன்றுமே புரியாத ஊரில் முதல் நாளே எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பாதி புரியும் ஊரில் அந்த உஷார் வருவதில்லை. தமிழ் பேசும் கூட்டத்துக்குள்ளேயே மூன்று வருடத்தையும் ஓட்டிவிட முடிகிறது. மலாய் மொழிப் பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் மதியம் சாப்பாட்டு மேசையில் நடப்பது மலாய், பினாங்காயிற்றே, கூடவே ஹொக்கியன்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு.

பாயான் லெப்பாஸ் பக்கம் பஸ்ஸில் போகும் எந்தப் பொறியியல் மாணவனும் ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகைகளை எண்ணாமல் இருக்க மாட்டான். 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய காலத்திலேயே இன்டெல், ஏஎம்டி, போஷ் எல்லாம் இங்கே வந்துவிட்டன. 2024 மே மாதம் அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்கள் என்ற இலக்கும் உண்டு. செய்தியைப் படிக்கும் வெளிநாட்டு மாணவன் மனத்தில் கணக்குப் போடத்தான் செய்வான். ஆனால் அந்த 60,000 என்பது மலேசியர்களைத் தயார்படுத்துவதற்கான எண்ணிக்கை. அவனுக்கான கதவு வேறு. மாணவர் பாஸ் படிப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு வேலை பாஸ் வேண்டும். அதை அவன் விண்ணப்பிக்க முடியாது, வேலை தரும் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பள வரம்பும் உண்டு. புதிதாகப் பட்டம் வாங்கியவருக்கு அந்தச் சம்பளம் கொடுக்க எத்தனை முதலாளிகள் முன்வருவார்கள்?

படிக்கும்போதே வேலை செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று சில ஏஜெண்டுகள் சொல்லி அனுப்புவதுதான் எனக்குக் கோபம். குடிநுழைவுத் துறை விதிப்படி, செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுப்பிலோதான் பகுதி நேர வேலை. வாரத்துக்கு 20 மணி நேரம். அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் என்று சில இடங்களில் மட்டும். கல்லாவில் உட்காரவும் கூடாது. அங்கே ஊரில் நகையை அடகு வைத்த அப்பாவுக்கு இதை யார் சொன்னார்கள்?

பட்டம் இருந்தும் கதவு திறக்காத கதை பினாங்குக்குப் பழையது. 1879இல் இங்கே ஒரு பொற்கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர் வூ லியன் தே. பினாங்கு ஃபிரீ ஸ்கூல் மாணவர். 1896இல் மகாராணி உபகாரச் சம்பளம் கிடைத்து, 17 வயதில் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீனர் அவர்தான். பிறகு லண்டன், லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனி என்று படித்து 1903இல் திரும்பி வந்தார். காலனி அரசின் மருத்துவச் சேவையில் உயர்பதவிகள் ஐரோப்பியர்களுக்குத்தான். கோலாலம்பூர் ஆய்வு நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டு, பினாங்குக்கு வந்து சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். ஆம், நம் தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய அதே தெரு.

சும்மா இருக்கவில்லை. அபினை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அபின் வரியில் அரசுக்கு நல்ல வருமானம், வியாபாரிகளுக்கு இன்னும் நல்ல வருமானம். 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டு, சிகிச்சைக்கு வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசலைக் காட்டி அவருக்கே அபராதம் போட்டார்கள். அந்த நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908இல் தியன்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர். முகம் சீன முகம், படிப்பு முழுக்க ஆங்கிலம். மாண்டரின் சரளமாக வராது. பாதி புரியும் ஊரின் சங்கடம் அவருக்கும் இருந்திருக்கும். உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது அவரைத்தான் ஹார்பினுக்கு அனுப்பினார்கள். வயது 31. எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டு சொன்னார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து முகக்கவசம் செய்யச் சொன்னார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அதை மதிக்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் நோய் தொற்றி இறந்தார். சுமார் 60,000 உயிர்களைக் கொண்டுபோன அந்த நோய் 1911இல் அடங்கியது. 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கோவிட் காலத்தில் நாமெல்லாம் முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றபோது இந்தப் பினாங்குக்காரரை எத்தனை பேர் நினைத்தோமோ தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரு தியன்ஜின் கடிதம் வந்து சேராது. அதனால் புறப்படும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இது இங்கே வருகிறவர்களுக்கு மட்டுமல்ல, மருத்துவம் படிக்கப் பிள்ளையை வெளியே அனுப்பும் நம் குடும்பங்களுக்கும்தான். அந்தக் கல்லூரியின் பட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முதல் நாள் பாருங்கள். கட்டிய மறுநாள் அல்ல. இங்கே வரும் மாணவர்கள், தங்கள் துறையில் சென்ற ஆண்டு முடித்த வெளிநாட்டவர்களில் எத்தனை பேருக்கு எந்த நிறுவனம் வேலை பாஸ் எடுத்துக் கொடுத்தது என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்கலாம். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போதே, வெளிநாட்டவரை முன்பு வேலைக்கு எடுத்த நிறுவனமா என்று விசாரிக்கலாம். வானொலியில் என்னை அழைத்துப் பேசும் மாணவர்களில் இந்தக் கேள்வியைக் கடைசி செமஸ்டரில் கேட்பவர்கள்தான் அதிகம். அப்போது பாஸில் மிச்சம் இருப்பது சில வாரங்கள்.