உறைக்குள் தூங்கும் வீணையும் சரளி வரிசையும்

பத்தாம் வகுப்பு வந்தால் வீட்டில் முதலில் நிற்பது பாட்டு கிளாஸ்தான். "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் பிளஸ் டூ, காலேஜ், வேலை என்று தள்ளிக்கொண்டே போகும். வீணை உறை போட்டு பீரோ ஓரமாக நிற்கும். பத்து வருஷம் கழித்து உறையைப் பிரித்தால் தந்தி துருப்பிடித்திருக்கும், வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் அசைந்திருக்கும்.

அப்படித் திரும்பி வருகிறவர் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். கடைசியாகக் கற்ற வர்ணத்தை எடுத்து, நாலு ஆவர்த்தனம் தடுமாறி, "இனிமே நமக்கு வராதுப்பா" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். வராமல் இல்லை. ஆரம்பித்த இடம்தான் தவறு. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

"அது சின்னப் பசங்க பாடமாச்சே!" என்று வெட்கப்படுகிறவர்கள் திருத்தணியை நினைத்துக்கொள்ளலாம். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) அப்பா ராமசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றவர், வீணை வாசிப்பவர். சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய்ப் பல வருஷம் இருந்துவிட்டுத் தெற்கே திரும்பியவர். திருத்தணி மலையில் ஒரு பெரியவர் அவர் வாயில் கற்கண்டு போட, முதல் கிருதி பிறந்தது என்பது மரபுக் கதை. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற அந்தக் கிருதி எந்த ராகம் தெரியுமா? அதே மாயாமாளவகௌளை! எத்தனையோ ராகம் தெரிந்தவருக்கு, குழந்தை முதல் நாள் கற்கும் ராகம் குறைவாகப் படவில்லை.

வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசிப்பதை நிறுத்தினாலும் கேட்பதை யாரும் நிறுத்துவதில்லை. ரேடியோ, சிடி, யூடியூப் என்று காது வளர்ந்துகொண்டே இருக்கிறது. கை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. விரல் நுனியில் காய்த்திருந்த தோலும் மெலிந்துவிடுகிறது. அதனால் தன் வாசிப்பு முன்பைவிட மோசமாகக் காதில் விழுகிறது. பாதி பேர் இரண்டாம் முறை விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் தப்பு தெரிகிறது என்றால் காது நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டு விலகி, 12 வருஷம் கழித்து 1965இல் நியூயார்க் கார்னகி ஹாலில் மறுபடி உட்கார்ந்தார். தொடக்கத்திலேயே தப்பு ஸ்வரங்கள் விழுந்தன. அவர் எழுந்து போய்விடவில்லை. லியான் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில் வலது கை விரல்கள் மடங்கிப்போயின. பல வருஷம் இடது கையால் மட்டும் வாசித்தார். சிகிச்சைக்குப் பின் 1990களில்தான் இரண்டு கையாலும் வாசிக்க முடிந்தது.

எல்லாமே திரும்பி வரும் என்று சொன்னால் அது பொய். பதினைந்து வயதில் இருந்த வேகம் சிலருக்குக் கடைசி வரை வராது. "கச்சேரியா பண்ணப் போறே?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். பண்ண வேண்டாமே! தினமும் சாயங்காலம் வாக்கிங் போகிறவரிடம் ஒலிம்பிக்ஸ் போகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது இரண்டுதான். தெரிந்தவரிடம் கொடுத்து மெட்டுகளைச் சரியாகப் பதித்து வாங்க வேண்டும். பிறகு தினமும் இருபது நிமிஷம், முதல் காலத்தில் மட்டும், சரளி வரிசை.

திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். போன வருஷம் ஏறியவரும் இந்த வருஷம் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். முடியாதவருக்கு மலைமேல் வரை ரோடு இருக்கிறது, காரில் போய்விடலாம். வீணைக்கு அந்த ரோடு இன்னும் போடவில்லை!