பாலுக்காகப் பிறந்த குட்டிகள்



சென்ற இதழின் அட்டையில் வந்த குதிரைக்குட்டி உங்களில் பலரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. பிறந்து சில நாள்களே ஆன குட்டி. உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள். பக்கத்தில் தாய் இல்லை. 'இதைத் தத்தெடுக்க முடியுமா?', 'தாய்க்கு என்ன ஆயிற்று?' இந்த இரண்டு கேள்விகள்தாம் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தன. தாய் இறந்திருக்கும் என்றே பெரும்பாலோர் நினைத்திருக்கிறீர்கள். இது போன்ற குட்டிகளின் தாய் இறப்பதில்லை. நல்ல உடல்நலத்தோடு, மடி நிறையப் பாலோடு வேறொரு பண்ணையில் நிற்கிறது. அந்தப் பாலை விலை உயர்ந்த இன்னொரு குட்டி குடித்துக்கொண்டிருக்கிறது.

இது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கதை. பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனத்துக்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. குட்டி எந்த மாதம் பிறந்தாலும் சரி, ஜனவரி 1 அன்றுதான் அதற்கு வயது கூடும். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும் கென்டக்கி டெர்பியில் ஜனவரியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஒரே வயதாகத்தான் கருதப்படும். நான்கு மாதம் மூத்தது எலும்பிலும் தசையிலும் முந்தியிருக்கும் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி விழவேண்டும் என்று எல்லாப் பண்ணைக்காரர்களும் துடிக்கிறார்கள்.

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் குட்டி வேண்டுமென்றால், ஈன்ற ஒரு மாதத்துக்குள் மறுபடி இணை சேர்த்தாக வேண்டும். ஊசி மூலம் கருவூட்டினால் அந்தக் குட்டியைப் பதிவேட்டில் சேர்க்கமாட்டார்கள். இந்த இனத்தின் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப், இயற்கையான இணைசேர்க்கையை மட்டுமே ஏற்கிறது. ஆகவே பெண்குதிரை லாரி ஏறிப் பொலிகுதிரை இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். டாபிட் என்ற பொலிகுதிரைக்கு ஒரு குட்டிக்கு 3 லட்சம் டாலர் வாங்கிய ஆண்டுகள் உண்டு. அவ்வளவு பணம் கொட்டிப் பெற்ற பச்சைக்குட்டியைச் சாலைப் பயணத்தில் நோய்க்கும் விபத்துக்கும் கொடுக்க யாருக்கு மனம் வரும்? தாயையும் குட்டியையும் சேர்த்தே அனுப்பும் பண்ணைகள் பல. சில பண்ணைகளோ குட்டியை லாயத்தில் நிறுத்திவிட்டு, பால் கொடுக்க ஒரு செவிலித்தாயை வாடகைக்கு எடுக்கின்றன.

சாதுவான, பால்வளம் மிகுந்த, வண்டி இழுக்கும் கலப்பினக் குதிரைகளே பெரும்பாலும் செவிலித்தாய்கள். ஆனால் பால் சுரக்கவேண்டுமானால் அதுவும் ஈன்றிருக்கவேண்டுமே! அதன் குட்டி பிறந்த சில நாள்களில் பிரிக்கப்படுகிறது. வாடகைக்குப் போன குதிரையைச் சினையாகத் திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதுவதும் உண்டு. அடுத்த பருவத்துப் பாலுக்கான முன்னேற்பாடு அது.

கன்று செத்துப்போன பசுவின் முன்னால் வைக்கோல் அடைத்த தோல்கன்றை நிறுத்திப் பால் கறப்பது நம் கிராமங்களில் நடந்ததுதான். அங்கே கன்று செத்தபிறகு அந்த வேஷம். இங்கே உயிரோடிருக்கும் குட்டியை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு குட்டியை நிறுத்துகிறார்கள். வாசனை வித்தியாசம் தெரியாமலிருக்கத் தாயின் மூக்கில் தைலம் தடவுவதும் உண்டு. (ஜெர்சி மாடு போட்ட காளைக்கன்று எங்கே போனது என்று கேட்காமல் காலையில் காபி குடிப்பவன் நான். கென்டக்கிக்காரரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு வாய் எழவில்லை.)

விலக்கப்பட்ட குட்டிகளில் சிலவற்றை உரிமையாளர்களே வளர்க்கிறார்கள், சிலவற்றை அற்ப விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், கொல்லப்படுவதும் உண்டு. ஒஹாயோ மாநிலத்து ஏதன்ஸ் நகரில் இருக்கும் லாஸ்ட் சான்ஸ் கோரல் என்ற காப்பகம், வசந்தகாலம் தோறும் இத்தகைய குட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிவந்து, தேற்றி, தத்துக் கொடுக்கிறது.

தேற்றுவது என்றால் சும்மா இல்லை. பிறந்த முதல் நாளுக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயிருக்கவேண்டும். போகாத குட்டிக்கு நோயெதிர்ப்புச் சக்தி கிடையாது; கிருமி ரத்தத்தில் கலந்தால் பிழைப்பது கடினம். தாயிடம் இருக்கும் குட்டி மணிக்குப் பலமுறை பால் குடிக்கும். 50 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல் பால் வேண்டும். அதை இரவும் பகலும் பிரித்துப் பிரித்து ஊற்றவேண்டும். புட்டியில் கொடுப்பதைவிட வாளியில் குடிக்கப் பழக்குவதே நல்லது என்கிறார்கள். கையில் புட்டியோடு வரும் மனிதனைத் தாயென்றே நம்பி வளரும் குட்டி, நாளைக்கு 400 கிலோ எடையில் அதே செல்லத்தோடு மேலே தாவும், விளையாட்டாக உதைக்கும். எங்கே கடிக்கக்கூடாது, யாருக்கு வழிவிடவேண்டும் என்பதையெல்லாம் இன்னொரு குதிரைதான் சொல்லிக்கொடுக்க முடியும். எனவே ஒற்றைக் குட்டியைத் தனியே வளர்க்காதீர்கள் என்பது அனுபவசாலிகளின் முதல் அறிவுரை.

தத்தெடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்: கென்டக்கிக் குட்டியைக் கப்பலிலோ விமானத்திலோ வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் பந்தயத்திலிருந்தும் சவாரியிலிருந்தும் கழித்துவிடப்பட்ட குதிரைகளே போதுமான அளவு இருக்கின்றன. அவற்றை ஏற்கவும் மேய நிலம், கூட இன்னொரு குதிரை, கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவர் எல்லாம் வேண்டும். குதிரை 25, 30 ஆண்டு வாழும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கினால், அவள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதும் அது உங்கள் தோட்டத்தில்தான் நிற்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. காப்பகம் காசு கொடுத்து வாங்கினால், வேண்டாத குட்டிக்கும் ஒரு விலை கிடைத்துவிடுகிறது. பண்ணைக்காரரின் மனச்சுமையும் செலவும் குறைகின்றன. அடுத்த ஆண்டும் அதே கதை. வாங்காமல் விட்டாலோ கண்ணெதிரே குட்டி சாகும். எனக்கு இதில் குழப்பமில்லை: வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செலவை இரக்கப்பட்டவன் தலையில் கட்டிவிட்டு, இணைசேர்க்க லட்சக்கணக்கில் கொடுக்கும் தொழில் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. முன்பு ஈன்ற அனுபவமுள்ள குதிரைக்கு, அது சினையாக இல்லாதபோதே ஹார்மோன் கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் பால் சுரக்கவைக்க முடியும். தாயை இழந்த குட்டிக்கோ, தாய் உதைத்துத் தள்ளிய குட்டிக்கோ செவிலித்தாய் உண்மையாகவே தேவை; அதற்கு இந்த முறை இருக்கிறது. இன்னொரு குட்டியைப் பிறக்கவைத்து விலக்கவேண்டிய அவசியமே இல்லை.

குட்டி கழிவுப்பொருளாகும் கதை பந்தயத்தோடு முடியவில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்குத் தரப்படும் பிரிமரின் மாத்திரை, சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் ஹார்மோன். 1942 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. அதற்காகக் கனடாவின் மானிடோபா போன்ற மாகாணங்களில் குதிரைகள் ஆண்டுதோறும் சினையாக்கப்பட்டன. பிறந்த குட்டிகள் பல ஏலத்துக்கும், அங்கிருந்து இறைச்சிக்கும் போயின. பிரிமரினோடு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத் தரும் சிகிச்சையில் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதை 2002-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிப்படுத்தியது. விற்பனை சரிந்தது, பண்ணைகள் மூடப்பட்டன. அப்போது குட்டிகளோடு தாய்க்குதிரைகளும் சேர்ந்து வேண்டாதவையாயின.

நம் ஊரிலும் குதிரைப் பந்தயத்தைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறோம். 1974-ல் கலைஞர் ஆட்சியில் பந்தயத்தை நிறுத்தச் சட்டம் வந்தது. பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிண்டியில் பணத்தைத் தொலைத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர்களைப் பற்றி எவ்வளவோ பேசினோம். அது நியாயமான கவலை. ஓடிய குதிரையைப் பற்றியும் அதை ஈன்ற குதிரையைப் பற்றியும் அந்த வாதங்களில் அதிகம் கேட்ட நினைவில்லை.

அமெரிக்காவில் 1986-ல் 51,000-க்கும் மேற்பட்ட தரோபிரெட் குட்டிகள் பிறந்தன. இன்று அது 20,000-க்கும் கீழே. தொகை குறைந்ததால் தொழில் திருந்திவிட்டதாகச் சொல்லமுடியாது. ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெண்குதிரைகளுக்கு மேல் சேரக்கூடாது என்று ஜாக்கி கிளப் 2020-ல் ஒரு வரம்பு கொண்டுவந்தது. பெரும் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன, கென்டக்கிச் சட்டமன்றமும் முறைத்தது. 2022-ல் வரம்பு வாபஸ். அந்த வரம்பும்கூட இனத்தில் ரத்தக்கலப்பு குறுகிவிடுமே என்ற கவலையில் வந்ததுதான்.

ஒவ்வொரு குட்டியின் தாய் தந்தையையும் மரபணுச் சோதனை செய்து பதிகிற அமைப்பு ஜாக்கி கிளப். அந்தப் பதிவுப் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்ப்பது பெரிய வேலையல்ல: இந்தக் குட்டிக்குப் பால் கொடுத்த குதிரை எது? அதன் சொந்தக் குட்டி இப்போது எங்கே இருக்கிறது? அவை நிரப்பப்படாத குட்டிக்கு ஓடும் தகுதி கிடையாது என்று ஒரு வரி எழுதினால், வாடகைப் பால் வியாபாரம் ஒரே பருவத்தில் வேறு வழி தேடும்.

அன்புடன்,
ஆசிரியர்