வயலினுக்கு யார் விசா கொடுத்தது?

1986-ல் இளையராஜா "ஹவ் டு நேம் இட்?" என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். படம் கிடையாது, ஹீரோ கிடையாது, முழுக்க வாத்தியங்கள்தான். தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் சமர்ப்பணம். இதைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. இரண்டுமே தப்பு.

ஒன்று, திருவையாறு பெரியவர்களுடையது: "நன்னாத்தான் இருக்கு. ஆனா சினிமாக்காரர் சமாச்சாரம். இதுல தியாகய்யரை எதுக்கு இழுக்கணும்?"

இன்னொன்று, காலேஜ் பசங்களுடையது: "படிக்கும்போது ஓடவிட்டா செம ரிலாக்ஸ் மச்சி!"

முதலில் பெரியவர்கள். ஐயா, நீங்கள் காக்க நினைக்கும் அந்தக் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கும் வயலின் எந்த ஊர் வாத்தியம்? அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாலுஸ்வாமி தீட்சிதர். சென்னை மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரரிடம் கற்றார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், திருவாரூரில் பிறந்தவர். ஆங்கிலேயர் பேண்ட் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுகூட அதில் உண்டு! அதே காலத்தில் தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்ட் வைத்திருந்தார். அப்போது தீட்டுப்படாத காவிரி 1986-ல் மட்டும் பட்டுவிடுமா?

உள்ளே யார், வெளியே யார் என்று கோடு போடுவது திருவையாற்றுக்குப் பழைய வியாதி. தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார் பெங்களூர் நாகரத்னம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட அவரே போராட வேண்டியிருந்தது. இன்று அந்தக் கோட்டை நியாயப்படுத்த ஒருவராவது உண்டா?

இப்போது பசங்க. "ரிலாக்ஸ்" என்பது பாராட்டு மாதிரி தெரியும், ஆனால் அதுவும் ஒரு அவமானம்தான். ஐம்பதுகளில் ஜார்ஜ் ஷியரிங் என்ற ஜாஸ் பியானோக்காரர் பெரிய வயலின் குழுவோடு மெத்தென்ற ரெக்கார்டுகள் போட்டார். "ஈஸி லிஸனிங்" என்று லேபிள் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். லேபிள் ஒட்டிவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம், அதுதான் சௌகரியம்.

"ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" பகுதியைக் காதை வைத்துக் கேளுங்கள். பாக்கின் வயலின் இசை தன் பாட்டுக்கு ஓடுகிறது. அதன்மேல் இன்னொரு வயலின் கமகத்தோடு நம்மூர் பாணியில் நுழைகிறது. மேற்கத்திய முறையில் ஸ்வரம் அந்தந்த இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் பல குரல்கள் ஒன்றோடொன்று பொருந்தும். நம் ராகத்தில் ஸ்வரம் வழுக்கும், அசையும், அதுதான் அதன் உயிர். ஒன்றைக் காப்பாற்றப் போனால் மற்றது சாகும். இரண்டையும் சாகவிடாமல் எழுதியிருக்கிறார், வி.எஸ். நரசிம்மன் வாசித்திருக்கிறார். இது தூங்கவைக்கிற வேலையா?

"பாலு மகேந்திரா இதை 'வீடு' படத்துக்குப் பின்னணியாகப் போட்டாரே" என்பார்கள். ஆமாம், 1988-ல். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அந்தத் தாத்தா தள்ளாடிப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே இசை பின்னாலா இருக்கிறது?

குறையே இல்லையா? இருக்கிறது. சில இடங்களில் எண்பதுகளின் வாசனை தூக்கலாக அடிக்கிறது. அதைச் சொல்லித் திட்டுங்கள், நியாயம். ஆனால் திட்டுவதற்கும் கேட்டிருக்க வேண்டுமே!

எந்த அலமாரியில் வைப்பது என்ற சண்டை வரும் என்று தெரிந்துதானோ என்னவோ, ஆல்பத்தின் பெயரையே கேள்வியாக வைத்தார் மனுஷன். உள்ளே ஒரு பகுதிக்குப் பெயர் "டோன்ட் கம்பேர்". ஒப்பிடாதே. முதலில் கேள்.