பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு கால்

போன ஐப்பசியில் ஒரு நாள் மகன் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லடம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். துணி ரோல் ஏற்றிய சின்ன சரக்கு வண்டி ஒன்று சந்திலிருந்து பாய்ந்து வந்து எங்கள் காரின் பின்கதவை நசுக்கியது. அதோடு நிற்காமல் மொபெட்டில் போன ஒருவரையும் தள்ளிவிட்டது. எங்களுக்குக் கீறல்கூட இல்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராம்.

மகன் உடனே எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தான். இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். வண்டிக்குச் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். "ஏனுங்கய்யா, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு போனா எல்லாருக்கும் அலைச்சல்தானுங்க. பேசி முடிச்சுக்கலாமுங்க" என்றார். கூட இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். பத்தாயிரம் ரூபாய் கை மாறியது. 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ரிடையர்டு கவர்ன்மெண்ட் ஆள், எழுதத் தெரிந்தவர் என்று தாளை என்னிடம்தான் நீட்டினார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து டீக்கடையில் அவரைப் பார்த்தேன். காலுக்குள் கம்பி, கையில் ஊன்றுகோல். அயர்ன் டேபிள் நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. இனி எப்போது நிற்பார் என்று டாக்டருக்கே தெரியவில்லை. கடன் மட்டும் லட்சத்தைத் தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் வைத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கார் கதவு பத்தே நாளில் எங்கள் சொந்த பாலிசியில் சரியாகிவிட்டது. காரின் தகரத்துக்குக் கிடைத்தது ஒரு மனுஷன் காலுக்குக் கிடைக்கவில்லை.

முப்பத்து நாலு வருஷம் கோப்பு கட்டியவன் நான். கோப்பில் ஏறாத விஷயம் நடக்கவே இல்லை என்பதுதான் ஆபீஸ் சட்டம். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் விபத்தே இல்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதற்கு யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்று. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்து செய்தால், உரிமையாளர் ஜாமீன்தொகை கட்டாதவரை வண்டியை விடக்கூடாது, ஏலம் போட்டு அந்தப் பணத்தை இழப்பீட்டுக்கு வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அடிபட்டவன் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான். அதைத்தான் நாம் அரை மணி நேரத்தில் 'பேசி முடித்து' விட்டுவிடுகிறோம்.

"அவரும் பாவம், வண்டிக்கு டியூ கட்டுகிறார்" என்பார்கள். இருக்கட்டும். வெளிநாடு போகிற சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கத் தெரிந்த ஊர் இது. அந்தச் சரக்குக்கான துணியைச் சாயப்பட்டறைக்கும் தையலுக்கும் சுமக்கிற வண்டிக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை? ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வாட்ச்மேன் வண்டி எண்ணையும் டெலிவரி சலான் எண்ணையும் நோட்டில் எழுதுகிறார். அதே நோட்டில் 'இன்சூரன்ஸ் முடியும் தேதி' என்று இன்னொரு கட்டம் போட்டால் முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை. தேதி தாண்டிய வண்டிக்கு லோடு இல்லை என்று சொன்னால் ஒரே மாதத்தில் எல்லோரும் புதுப்பித்துவிடுவார்கள்.

அரசாங்கத்தையும் விடுவதாக இல்லை. கோவை எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கால்தான் 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு 3 வருஷம், புது டூவீலருக்கு 5 வருஷம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது. நாளெல்லாம் ரோட்டில் ஓடுகிற சரக்கு வண்டிக்கு அது இல்லை. இன்னொரு கூத்தும் உண்டு. இடித்தவன் யாரென்றே தெரியாமல் ஓடிப்போனால், 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் அரசு திட்டத்தில் கிடைக்கும். இடித்தவன் நின்று, இன்சூரன்ஸும் இல்லையென்றால் அந்தப் பணம் கிடையாது. அவன் சொத்தைத் தேடி நாம்தான் அலைய வேண்டும்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எதற்கெடுத்தாலும் பிரான்ஸா என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் சொல்கிறேன். கார் இன்சூரன்ஸை பிரான்ஸ் கட்டாயமாக்கியது 1958இல். அதற்கும் முன்பே, 1951இல், இன்சூரன்ஸ் இல்லாதவன் இடித்தால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க ஒரு உத்தரவாத நிதியை வைத்துவிட்டார்கள். இடித்தவனிடம் வசூலிப்பது அந்த நிதியின் பாடு. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும்.

அதுவரை, படிக்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள். முதலில் 108. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வண்டி எண்ணைப் படம் எடுங்கள். போலீஸைக் கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.

அந்த அயர்ன் மாஸ்டரை நானே அங்கே கூட்டிப் போனேன். தாமதமாகத்தான் போனோம், ஆனாலும் மனு போட்டாகிவிட்டது. அந்த வெள்ளைத்தாளை எழுதியவன் நான்தான் என்று சொல்ல, சாட்சியாக என் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.