பந்தி வஞ்சனை வேண்டாம்

பழவேற்காடு ஏரியில் பாடு என்னும் மீன்பிடி இடங்களை வகுத்து, முறை வைத்துத் தொழில் செய்யும் மீனவ கிராமத்தார், பொன்னேரியிலும் சென்னையிலும் எங்கள் இறாலையும் நண்டையும் வாங்கியுண்ணும் மகாஜனங்களுக்குச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

மீனவர் தேனைப்பற்றிப் பேசுவதைக் கண்டு வியக்க வேண்டாம். 2010-ஆம் ஆண்டு தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்ற 12 தேன் வகைகளைப் பரிசோதித்து, அவற்றுள் 11-இல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் இருப்பதாக வெளியிட்டது. அதனினும் வருத்தந்தரும் சங்கதி, ஏற்றுமதித் தேனுக்கு அம்மருந்துகளின் வரம்பை விதித்துச் சோதித்துவந்த நம் தேசம், நம் குழந்தைகளின் நாவில் தடவும் தேனுக்கு அன்று அத்தகைய வரம்பு எதையும் விதித்திருக்கவில்லை என்பதே. உள்நாட்டுக்கான விதிகள் பின்னரே வந்தன. பூச்சிமருந்தும் தேனை விட்டுவைக்கவில்லை. உலகெங்கும் திரட்டிய 198 தேன் மாதிரிகளில் முக்கால் பங்கில் நியோநிகோட்டினாய்டு என்னும் மருந்தினம் காணப்பட்டதாக 2017-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று.

நிற்க. எங்கள் ஏரிக்கு வருவோம். ஆரணியாறும் காளாங்கியும் ஐப்பசி கார்த்திகை மழையில் கொண்டுவரும் வெள்ளம், வயல்களில் தெளித்த மருந்தையும் கழுவிவந்து, இறால் குஞ்சுகள் வளரும் இந்த உவர்நீரில் சேர்க்கக்கூடும். பூச்சியும் இறாலும் கணுக்காலி வர்க்கமாதலால், ஒன்றைக் கொல்லச் செய்த விஷம் மற்றொன்றையும் எளிதில் வதைக்கும். பண்ணை இறாலின் அபாயமோ வேறு. 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் இவ்வேரியின் 1,000 மீட்டர் எல்லைக்குள் நவீன இறால் பண்ணைகளைத் தடைசெய்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம், அங்கே போய்ச் சேரும் நம் பண்ணை இறால் சரக்கில் பாதியை, தேனில் கண்டதுபோன்ற நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் உண்டா என்று சோதிக்க உத்தரவிட்டது. உள்ளூர் ஏலத்திலோ கண்ணும் மூக்குமே பரிசோதனைக் கருவிகள். அயலாருக்கு ஒரு நியாயம், நமக்கொரு நியாயமா?

ஆகவே, ஆற்றோர விவசாயப் பெருமக்களே, தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் வாய்க்காலில் அலசாதீர்கள். மழை வரும் நாளிலும், தேனீ மொய்க்கும் பூக்காலத்திலும் தெளிக்காதீர்கள். வாங்கியுண்ணும் அன்பர்களே, சந்தை மீனையும் கடைத் தேனையும் அடிக்கடி சோதித்து முடிவைத் தமிழில் பகிரங்கமாக வெளியிடும்படி உணவுப் பாதுகாப்புத் துறையை எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

முடிவு பாதகமாயின் எங்கள் பிழைப்பில் மண் விழுமே என்ற பயம் எங்களுக்கு இல்லாமலில்லை. ஆயினும் முதல் மாதிரியை எங்கள் கூடையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், விலை கேட்கமாட்டோம்.