பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு பெயர்

காலை எட்டு மணிக்கு முன்பே எழுபது வயது தாண்டிய ஓர் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. மகளைப் பார்த்து "நீ ஆரு?" என்றார். இரத்தச் சீனி 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். மருந்து வைக்கும் பிஸ்கட் டின்னை எடுத்துவரும்படி மகளை வீட்டுக்கு அனுப்பினோம். கிளினிக்கில் கொடுத்த காகித உறையில் கிளிக்லசைட் இருந்தது. பக்கத்தில் கத்தாரிலிருந்து மகன் அனுப்பிய பளபளப்பான பெட்டி. பெரிய எழுத்தில் ஒரு வணிகப் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் அதே கிளிக்லசைட். "இது ஆஸ்பத்திரிக் குளிசை, அது மகன் அனுப்பின நல்ல குளிசை. ரெண்டையும்தான் போடுறன், டொக்டர்" என்றார். சீனி மறுபடி இறங்கக்கூடும் என்பதால் ஒரு நாள் வார்ட்டில் வைத்துப் பார்த்தோம். மூன்று மாதமாக அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதிவந்தவன் நான். வேறென்ன போடுகிறீர்கள் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கவில்லை.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பல வீடுகளை வளைகுடாவிலிருந்து வந்த பொதிகள்தான் காப்பாற்றின. பிறகு மருந்து கிடைக்கத் தொடங்கியது; பொதி வருவது நிற்கவில்லை. அனுப்புகிற பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிட முடியாதவனுக்குக் கையில் இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

நம் கரையோரத்துக் குடும்ப அமைப்பைத் தெரியாமல் இந்த மருந்துக் குழப்பத்தைச் சீர்செய்ய முடியாது. இங்கே வீடு மகளுக்குச் சீதனம். கலியாணம் முடித்த மகன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். உம்மாவும் வாப்பாவும் மகளோடோ மகள் வளவுக்குப் பக்கத்திலோ இருப்பார்கள். ஆகவே தோஹாவில் வேலைசெய்பவனுக்குப் பேச வேண்டிய வீடுகள் இரண்டு: மனைவியும் மாமியும் உள்ள வீடு, உம்மாவை ராத்தா பார்க்கும் வீடு. காசு அனுப்புவது அவன். எந்த டொக்டரைச் சனல் பண்ணுவது என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் அவன். குளிசையை எடுத்துக் கொடுப்பது ராத்தா. அவளிடம் யாரும் கேட்பதில்லை, நாமும் சேர்த்துத்தான். பெண் பிள்ளை இல்லாத உம்மாவின் நிலை இன்னும் மோசம். அவருக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபைக்குப் போய்ப் பிள்ளையிடம் காசு கேட்கலாம். நம் கிளினிக்குக்கு வருகிற அநேகருக்கு அந்தக் குறை இல்லை. காசு மாதாமாதம் வருகிறது. அதனால் மூன்று நிபுணர்களின் மூன்று சிட்டைகள் வருகின்றன, அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு வரி சேர்ப்போம்: குளிசை கொடுப்பவர் யார், தூரத்திலிருந்து பேசுபவர் யார். டின்னை முழுசாகக் கொண்டுவரச் சொல்வோம். வரிசை நீண்டு நிற்கையில் இதற்கு நேரமேது என்று மிஸ்ஸிமார் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு கொப்பிக்கு ஒருமுறை எழுதினால் போதும்.

தூரத்து மகனோடு பேசும் நேரத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நமக்குக் காலை எட்டு என்றால் கத்தாரில் ஐந்தரை. அவன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பான். கத்தார், சவூதி, குவைத்தில் வெள்ளி விடுமுறை. நம் ஒன்பதரை அங்கே ஏழு. ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் ராத்தாவையும் தம்பியையும் ஒரே அழைப்பில் பேசவைக்கலாம். நோன்புக்கு முன் ஒருமுறை கட்டாயம் பேச வேண்டும். சஹருக்கு எந்தக் குளிசை, நோன்பு திறக்க எது என்பதை இருவரும் ஒன்றாகக் கேட்கட்டும்.

இதில் சிக்கலான இடம் ஒன்று உண்டு. "மகனுக்குச் சொல்லிராதீங்க, வேலைய விட்டுட்டு வந்திருவான்" என்று கையைப் பிடித்துக்கொள்கிற உம்மாமார் இருக்கிறார்கள். வருத்தம் அவருடையது, சொல்வதா வேண்டாமா என்பதும் அவருடைய முடிவு. மகன் நேரே கேட்டால் பொய் சொல்லக் கூடாது. "உம்மாக்கிட்டயே கேளுங்க தம்பி" என்று போனை அவர் கையில் கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம். அநேகமாக அழுதுகொண்டே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கத்தார் மகனோடு அடுத்த வெள்ளி பேசினோம். சீனிக் குளிசை இனி வேண்டாம், சோதிக்கிற ஸ்ட்ரிப் அனுப்புங்கள் என்றோம். ஸ்ட்ரிப் வந்தது. கூடவே முழங்கால் வலிக்கு ஒரு டியூப். அதன் பொடி எழுத்தைப் படமெடுத்து, பூசலாமா என்று ராத்தா வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.